சித்தி, அந்த ஊசியில என்னதான் இருக்கு?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பட்டர்வொர்த்ல இருக்குற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மக தலப்பிரசவம் முடிஞ்சு நாலு மாசமா தாய் வீட்டுலதான் இருக்கா. ரொட்டி சானாய் வாங்கி வச்சிருந்தாங்க, பசியாறிட்டு கைய நல்லா சோப்பு போட்டு கழுவிட்டு வந்து குழந்தைய மடியில வாங்குனா ரெண்டு கையிலயும் வசம்பு வளையல், கீழ் உதட்டுல கருப்பா ஒரு கோடு. வசம்ப விளக்குல சுட்டு, உரசி, தாய்ப்பால்ல குழைச்சு நாக்குல தடவியிருக்காங்க. ராத்திரி பூரா வயித்து வலியில அழுதானாம்.

நான் ஒண்ணும் சொல்லல. அவதான் ஆரம்பிச்சா. "சித்தி, செவ்வாய்க்கிழமை கவர்மெண்ட் கிளினிக்ல ஊசி இருக்கு. நிமோனியாவுக்காம். போறதா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன். குரூப்ல என்னென்னமோ அனுப்புறாங்க, பயமா இருக்கு. நீங்களே இலை தழை ஆராய்ச்சிதானே பண்றீங்க, கெமிக்கல் இல்லாம மூலிகையிலயே ஏதாச்சும் இருந்தா சொல்லுங்களேன். அந்த ஊசியில என்னதான் இருக்கு?"

"சர்க்கரைம்மா"ன்னு சொன்னேன். அவ சிரிச்சிட்டா, நான் விளையாடுறேன்னு நினைச்சிட்டா. அதுக்குள்ள குழந்தை சிணுங்க ஆரம்பிச்சிருச்சு, அக்கா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க, பேச்சு அப்படியே நின்னு போச்சு. சாயங்காலம் காரை எடுத்துக்கிட்டு பினாங்குத் தீவுக்குத் திரும்புறேன், பாலம் 13.5 கிலோமீட்டர், அந்த நீளம் பூரா அவ கேட்டதுதான் மண்டைக்குள்ள ஓடுது. இருபது வருஷத்துக்கு மேல இதே வேலை, இதே சர்க்கரை, இதே இலை, ஆனா சொந்த அக்கா மகளுக்குப் புரியுற மாதிரி உட்கார்ந்து சொன்னதே இல்ல. அதத்தான் இங்க எழுதுறேன். அவளுக்காகத்தான் எழுதுறேன், ஆனா அவ மாதிரி கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல தேடிக்கிட்டு இருக்குற எல்லாருக்கும் சேர்த்துதான்.

பினாங்குல ஒரு பல்கலைக்கழகத்துல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்குறேன். எங்க லேப்ல ரெண்டு பக்கம் இருக்கு. ஜன்னல் பக்கம் இலை, வேர், பட்டை, அதுல இருந்து சாறு எடுத்து உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்குற வேலை. சுவர் பக்கம் சர்க்கரை, அதாவது கிருமிங்க மேல இருக்குற சர்க்கரைய நாங்களே கையால கட்டிப் பார்க்குற வேலை, தடுப்பூசிக்கு ஆகுமான்னு. சொந்தக்காரங்க கேட்டா எல்லாரும் ஜன்னல் பக்கத்தப் பத்தித்தான் கேப்பாங்க. "மூலிகை ஆராய்ச்சியா, நல்ல விஷயம்மா"ம்பாங்க. சுவர் பக்கத்தச் சொன்னா முகம் மாறிடும்.

சர்க்கரைன்னா நமக்கு டப்பாவுல இருக்குற சீனி, இல்லாட்டி ரத்தத்துல ஏறுற நோய், இந்த ரெண்டுதான். ஆனா உடம்புக்கு சர்க்கரைங்குறது ஒரு எழுத்து மாதிரி. உன் ரத்த வகை ஏ, உன் வீட்டுக்காரருக்கு பி-ன்னு சொல்றோமே, அந்த வித்தியாசமே சிவப்பணு மேல நுனியில ஒட்டியிருக்குற ஒரே ஒரு சர்க்கரைதான். ஓ வகைக்காரங்களுக்கு அந்தக் கடைசி சர்க்கரை இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா மாத்தி ரத்தம் ஏத்தினா உயிருக்கே ஆபத்து. அந்தளவுக்கு நுணுக்கமா உடம்பு சர்க்கரைய வாசிக்குது.

இன்னொண்ணு, முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு நான் எப்பவும் காட்டுறது. ஒரு கையில ஒரு பிடி சோறு, இன்னொரு கையில அப்பாவோட பழைய வேட்டித் துண்டு. ரெண்டும் குளுக்கோஸ்தான். சோத்துல இருக்குற மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலி, பருத்தி நூலும் குளுக்கோஸ் சங்கிலி. ஒண்ணோட ஒண்ணு கை கோக்குற திசை மட்டும்தான் வேற, ஒரு மூட்டு கீழ்ப்பக்கமா திரும்பியிருக்கு, இன்னொண்ணு மேல்பக்கமா. அந்த ஒரு திருப்பத்துக்காக ஒண்ணு பசி ஆத்துது, இன்னொண்ணத் தின்னா செரிக்காது. ரெண்டு குளுக்கோஸ மட்டும் எடுத்துக்கிட்டாலே 11 விதமா இணைக்கலாம். புரதத்துல ஒரே அமினோ அமிலம் ரெண்ட எடுத்துச் சேர்த்தா ஒரே விதம்தான் வரும். இதுலயே சர்க்கரை எவ்வளவு கஷ்டமான பாடம்னு தெரிஞ்சுக்கலாம்.

இப்ப கிருமிக்கு வருவோம். குழந்தைகளுக்கு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் குடுக்குற நிமோகாக்கஸ்னு ஒரு கிருமி இருக்கு. அது உடம்பு பூரா வழவழன்னு ஒரு போர்வைய போத்திக்கிட்டுத்தான் வரும். அந்தப் போர்வை முழுக்க சர்க்கரை. நம்ம வெள்ளணு பிடிக்க வந்தா வழுக்கிட்டுப் போயிடும். 1923-ல நியூயார்க் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிடியூட்ல ஆஸ்வால்ட் ஏவரின்னு ஒரு டாக்டரும் மைக்கேல் ஹைடல்பர்கர்னு ஒரு கெமிஸ்டும் சேர்ந்துதான் அது சர்க்கரைன்னு கண்டுபிடிச்சாங்க. ஏவரி ஒரு சின்னக் குப்பியில அழுக்குப் பொடி மாதிரி ஒண்ண வச்சுக்கிட்டு ஹைடல்பர்கர் லேப்புக்கு வந்து, இதுக்குள்ளதான் ரகசியமே இருக்கு, எப்ப வேலைய ஆரம்பிக்கப் போறேன்னு கேட்டுக்கிட்டே இருப்பாராம். அதுவரைக்கும் புரதத்தத்தான் நோய் எதிர்ப்பு சக்தி அடையாளம் காணும்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க, சர்க்கரைன்னு சொன்னப்ப நிறையப் பேர் ஒத்துக்கல. ஹைடல்பர்கர் 103 வயசு வரைக்கும் இருந்தாரு, 1991-லதான் காலமானாரு. தான் பிரிச்செடுத்த பொடி மனுஷங்களுக்கு ஊசியா போறத அவரு கண்ணால பார்த்துட்டுப் போனாருங்குறது எனக்கு எப்ப நினைச்சாலும் நெஞ்சு நிறையும்.

சரி, போர்வைய மட்டும் தனியா கழட்டி ஊசியா போட்டா போதாதா? போட்டாங்க. 1977-ல 14 வகைப் போர்வைய சேர்த்து ஒரு ஊசி, 1983-ல 23 வகை. பெரியவங்களுக்கு வேலை செஞ்சுது. ஆனா ரெண்டு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்குப் போட்டா உடம்பு கண்டுக்கவே மாட்டேங்குது. வெறும் சர்க்கரைய மட்டும் காட்டினா பிஞ்சு உடம்புக்கு அது யாரோ வழிப்போக்கன் மாதிரி, பார்த்துட்டு மறந்துடும். யாருக்கு அதிகமா தேவையோ அவங்களுக்குப் பலிக்கல, பாரு.

இதுக்கு வழி 1929-லயே தெரிஞ்சிருந்துச்சு, அதுதான் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஏவரியும் வால்டர் கோபல்னு இன்னொரு கெமிஸ்டும் சேர்ந்து சர்க்கரைய ஒரு புரதத்தோட ஒட்டிப் பார்த்தாங்க. ஊரறிஞ்ச திருடன் ஒருத்தன் தெருவுல போறான், அவன் கையப் பிடிச்சுக்கிட்டு ஒரு புது ஆள் கூடப் போறான்னு வச்சுக்க, எல்லாரும் அந்தப் புது ஆள் முகத்தையும் சேர்த்துத்தானே ஞாபகம் வச்சுக்குவாங்க? அதேதான். விஷத்தன்மைய எடுத்துட்ட டெட்டனஸ் புரதமோ டிப்தீரியா புரதமோ, உடம்புக்கு நல்லா அடையாளம் தெரிஞ்ச ஒண்ணோட சர்க்கரைய கெமிஸ்ட்ரியில கட்டிப் போட்டா, டி செல்லுன்னு சொல்ற மேஸ்திரிங்க எழுந்து வந்து வேலைய ஆரம்பிச்சிடுவாங்க, குழந்தை உடம்பும் மறக்காம வச்சுக்கும். ஆனா பென்சிலின் வந்துச்சு, மருந்துதான் இருக்கேன்னு இந்த வேலை தூங்கிப் போச்சு, மறுபடி எழ அம்பது வருஷம் ஆயிடுச்சு. ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் ரெண்டு பேரும் ஒரு பக்கம், டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் ரெண்டு பேரும் இன்னொரு பக்கம், ஹிப்னு சொல்ற கிருமிக்கு இந்த ஒட்டு ஊசிய செஞ்சாங்க, 1987-ல முதல் அனுமதி. அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல மட்டும் அஞ்சு வயசுக்குள்ள இருக்குற குழந்தைங்கள்ல வருஷத்துக்கு சுமார் 20,000 பேருக்கு இந்தக் கிருமி ரத்தத்துலயோ மூளை உறையிலயோ போய் உட்கார்ந்துக்கும். ஊசி வந்து சில வருஷத்துலயே அது கிட்டத்தட்ட காணாமப் போச்சு.

நம்ம மலேசியாவுல ஹிப் ஊசி 2002-ல அட்டவணையில வந்துச்சு. உனக்கு அப்ப வயசு தாண்டிடுச்சு, உன் தம்பிக்குப் போட்டாங்க. நிமோகாக்கஸ் ஊசி ரொம்ப வருஷமா தனியார் கிளினிக்ல காசு குடுத்தாத்தான் கிடைக்கும். வசதி இருந்தவங்க பிள்ளைக்குப் போட்டாங்க, இல்லாதவங்க விட்டுட்டாங்க. 2020 டிசம்பர்லதான் கவர்மெண்ட் இலவசமா குடுக்க ஆரம்பிச்சாங்க, அந்த வருஷம் பிறந்த குழந்தைங்கள்ல இருந்து. நாலாம் மாசம், ஆறாம் மாசம், பதினஞ்சாம் மாசம். செவ்வாய்க்கிழமை உன் மகனுக்குப் போடப் போறது அதுல முதல் ஊசி. தோட்டத்துல பிள்ள வளர்த்த நம்ம பாட்டிக்கு இப்படி ஒண்ணு கிடைச்சிருந்தா என்ன பண்ணியிருக்கும்னு நான் யோசிச்சிருக்கேன். அதுக்கு ஒன்பது பிள்ளை பிறந்து அஞ்சுதான் தங்குச்சு. மிச்சம் நாலு பேருக்கும் "சளிக் காய்ச்சல்"னு மட்டும்தான் பாட்டி சொல்லும், அதுக்கு மேல அது பேசாது.

சுவர் பக்கத்து வேலைய கொஞ்சம் கிட்ட வந்து பாரு. இந்த ஊசிக்கான சர்க்கரைய பெரும்பாலும் கிருமியவே பெரிய தொட்டியில வளர்த்து அதுல இருந்துதான் எடுக்குறாங்க. நாங்க செய்யுறது வேற வழி, கிருமியே இல்லாம, பாட்டில்ல வாங்குன சாதாரண குளுக்கோஸ்ல ஆரம்பிச்சு போர்வையோட ஒரு சின்னத் துண்ட, நாலு சர்க்கரை நீளத்துக்கு, கையாலயே கட்டுறது. ஒவ்வொரு சர்க்கரையிலயும் ஒரே மாதிரி ஒட்டக்கூடிய கை நாலஞ்சு இருக்கும். வேண்டிய கைய மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்துக்கும் உறை மாட்டணும். அப்புறம் ரெண்டு சர்க்கரையையும் கண்ணாடிக் குடுவையில போட்டு, சுத்தி ட்ரை ஐஸும் அசிட்டோனும் ஊத்தி மைனஸ் 78 டிகிரிக்குக் கொண்டு போய், மேல பலூன்ல ஆர்கான் வாயு கட்டி, ஊசியால ஒரு சொட்டு ஆசிட் விடணும். ஒரு துளி ஈரம் உள்ள போனா அவ்வளவுதான், சர்க்கரை சர்க்கரையோட சேராம தண்ணியோட சேர்ந்துக்கும். பினாங்குல ஈரமில்லாத காத்துக்கு எங்க போறது? மழைக்காலத்துல காலையில லேப் கதவைத் திறந்தா கண்ணாடி சாமான் மேல பனி பூத்திருக்கும். அதனால குடுவைய நெருப்புல காட்டிக் காட்டி காய வைப்போம், ஊசியெல்லாம் அடுப்புல வச்சு எடுப்போம்.

சேர்ந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு தகடு இருக்கு, வெள்ளையா மாவு பூசுன மாதிரி. அதுல கண்ணாடி முடியால ஒரு புள்ளி வைப்போம், கரைசல்ல நிக்க வச்சா ஈரம் மேல ஏறும், கூடவே சர்க்கரையும் ஏறும், ஒவ்வொண்ணு ஒவ்வொரு உயரத்துல நிக்கும். ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, வெறும் வெள்ளைத் தகடுதான். அத எடுத்து கந்தக அமிலம் கலந்த ஸ்பிரிட்ல ஒரு முக்கு, அப்புறம் சூடான தட்டு மேல. நாலஞ்சு செகண்டு. முதல்ல பழுப்பா ஒரு நிழல், அப்புறம் கரேல்னு ஒரு பொட்டு எழும்பும். சீனி கருகுறதுதான், வேற ஒண்ணும் இல்ல. ஆனா அந்தப் பொட்டு எதிர்பார்த்த உயரத்துல வந்து உட்கார்ந்தா, லேப்ல யாரும் பேசமாட்டோம், எல்லாரும் குனிஞ்சு அதையே பார்த்துக்கிட்டு நிப்போம்.

ஒருதடவ ஒரு மாணவி, சுங்கைப் பட்டாணிப் பொண்ணு, ஒன்பது படி தாண்டி அஞ்சு மாசமா சேர்த்த சர்க்கரைய ஃப்ரீஸர்ல வச்சிருந்தா. நீண்ட விடுமுறை. கட்டடத்துல பழுது பார்க்குறோம்னு கரண்ட நிறுத்தியிருக்காங்க, எங்களுக்கு யாரும் முன்கூட்டி சொல்லல. திரும்பி வந்து ஃப்ரீஸரத் திறந்தா குப்பி பூரா வேர்த்து வழியுது. அவ தகட்டுல புள்ளி வச்சுப் பார்த்தா, மேல ஏறி நிக்க வேண்டிய பொட்டு எல்லாம் கீழ இறங்கி அடியோட அடியா கிடக்கு. தண்ணி தின்னுடுச்சு. அந்தப் பொண்ணு அழல, அந்தத் தகட்ட டேப் போட்டு நோட்டுப்புத்தகத்துல ஒட்டிட்டு, தேதி எழுதிட்டு, மறுபடி முதல் படிக்கு குளுக்கோஸ் நிறுத்த ஆரம்பிச்சிட்டா. அந்தக் கணம்தான் அவ கெமிஸ்ட் ஆயிட்டான்னு நினைச்சேன்.

இப்படிக் கையால கட்டுன சர்க்கரையில ஊசி வருமான்னு கேட்டா, வந்திருக்கு, அதுவும் பணக்கார நாட்டுல இருந்து வரல. கியூபாவுல ஹவானா பல்கலைக்கழகத்துல விசென்டே வெரெஸ் பென்கோமோங்குற கெமிஸ்ட், கனடாவுல இருந்த ரெனே ராயோட சேர்ந்து ஹிப் கிருமியோட சர்க்கரைய லேப்லயே கட்டி தடுப்பூசி ஆக்குனாரு. 2003-ல கியூபாவுல அனுமதி கிடைச்சுது. மனுஷங்களுக்குப் போடுற ஊசிகள்ல முழுக்க செயற்கையா கட்டுன சர்க்கரையில வந்த முதல் ஊசி அதுதான். பொருளாதாரத் தடையில மாட்டிக்கிட்டு, வெளிய இருந்து ஊசி வாங்கக் கஷ்டப்பட்ட நாடு அது. அதே மாதிரி ஆப்பிரிக்காவுல மூளைக்காய்ச்சல் கொத்துக் கொத்தா ஆளை எடுத்துக்கிட்டு இருந்தப்ப, புனேயில இருக்குற சீரம் இன்ஸ்டிடியூட் ஒரு ஒட்டு ஊசிய அமெரிக்கக் காசுக்கு 50 சென்ட்டுக்கும் கீழ செஞ்சு குடுத்துச்சு, 2010 டிசம்பர்ல புர்கினா ஃபாசோவுல போட ஆரம்பிச்சாங்க. அந்த வகைக் கிருமியோட மூளைக்காய்ச்சல் அந்தப் பக்கம் கிட்டத்தட்ட ஒழிஞ்சே போச்சு. மருந்துக் கம்பெனிக்காரன் காசு பார்க்கத்தான் ஊசின்னு உன் குரூப்ல சொல்றாங்கல்ல, இந்த ரெண்டு கதையையும் அங்க போடு.

இப்ப ஜன்னல் பக்கம். உன் கேள்வியில பாதி இங்கதான் இருக்கு.

வசம்ப முதல்ல சொல்லிடுறேன், கோவிச்சுக்காத. பிள்ளை வளர்ப்பான்னு அதுக்குப் பேரு, நம்ம எல்லாருமே அத நக்கி வளர்ந்தவங்கதான். ஆனா அதோட எண்ணெயில பீட்டா அசரோன்னு ஒண்ணு இருக்கு. எலிகளுக்குக் குடுத்துப் பார்த்ததுல புத்துநோய் வந்துச்சு, 1968-ல அமெரிக்காவுல சாப்பாட்டுல சேர்க்கவே தடை போட்டுட்டாங்க. அமெரிக்காவுல முளைக்குற வசம்பு வகையில அந்த விஷம் இல்ல, இந்தியாவுல இருந்து வர்ற வகையிலதான் அதிகம், கடைத்தெரு நாட்டு மருந்துக் கடையில நாம வாங்குறது பெரும்பாலும் அதுதான். வளையலா கையில போட்டுக்கோ, வாசனைக்கு வச்சுக்கோ, நாலு மாசக் குழந்தை நாக்குல மட்டும் வேணாம்மா.

இலைய நான் மதிக்காம பேசல. இலைக்கு என்ன மதிப்பு குடுக்கணும்னு நினைக்கிறேனோ அதத்தான் குடுக்குறேன், அதாவது கேள்வி கேக்குறேன். கீழாநெல்லிய எடுத்துக்க. மஞ்சக்காமாலைக்கு நம்ம ஆளுங்க எத்தனை தலைமுறையா அரைச்சுக் குடிக்கிறாங்க, இங்க மலாய்க்காரங்க அதுக்கு டுக்குங் அனாக்னு பேரு வச்சிருக்காங்க, இலைக்கு அடியில காய வரிசையா சுமந்துக்கிட்டு இருக்கும்ல, பிள்ளையத் தூக்கி வச்சிருக்குற மாதிரி. 1988-ல மெட்ராஸ்ல எஸ்.பி. தியாகராஜனும் அவரு கூட இருந்தவங்களும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புல தங்கிப் போனவங்களுக்கு இதக் குடுத்துப் பார்த்து லான்செட்டுங்குற மருத்துவப் பத்திரிகையில எழுதுனாங்க. மருந்து எடுத்த 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல அந்தக் கிருமியோட அடையாளம் மறைஞ்சுது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சுது. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் வேற வேற ஊர்ல செஞ்சு பார்த்தப்ப அந்த முடிவு திரும்ப வரல. நான் மாணவியா இருந்தப்ப இதப் படிச்சுட்டு ரெண்டு நாள் தூக்கம் வரல, நம்ம பாட்டி கை மருந்தாச்சே. ஆனா அந்த மனுஷங்க செஞ்சது சரியான வேலை, அளந்து பார்த்தாங்க, எழுதி வச்சாங்க, அதனாலதான் மத்தவங்களும் செஞ்சு பார்க்க முடிஞ்சுது. அடுத்த வருஷமே, 1989-ல, நம்ம நாட்டுல பிறந்த குழந்தைக்கெல்லாம் ஹெபடைட்டிஸ் பி ஊசி போட ஆரம்பிச்சாங்க. உனக்கும் போட்டிருக்கு, உன் அம்மா பழைய டின்னுக்குள்ள கார்டு இருக்கும் பாரு.

பலிச்ச இலையும் நிறைய இருக்கு. உங்க வீட்டு வாசல்ல பூத்துக்கிட்டு இருக்குற நித்தியகல்யாணி, அதுல இருந்து வந்ததுதான் ரத்தப் புத்துநோய் வந்த குழந்தைகளுக்கு இன்னைக்கும் குடுக்குற வின்கிறிஸ்டின். ஆனா அந்த இலைய அரைச்சுக் குடிச்சா விஷம். டன் கணக்குல இலைய உலர்த்தி, சாறு எடுத்து, பிரிச்சு, மில்லிகிராம் கணக்குல அளந்து குடுத்தாத்தான் அது மருந்து. அப்புறம் நம்ம புன்னை இருக்கே, புன்னை, மலாய்ல பெனாகா. ஜார்ஜ்டவுன் இருக்குற முனைக்கே பழைய பேரு தஞ்சோங் பெனாகாதான், புன்னை முனை. அந்தப் புன்னைக்கு சொந்தக்கார மரம் ஒண்ணு, பிந்தாங்கோர், 1987-ல சரவாக் காட்டுல இருந்து அதோட இலையையும் குச்சியையும் கொண்டு போய் அமெரிக்காவுல சோதிச்சாங்க, எய்ட்ஸ் கிருமிய அடக்குற பொருள் இருந்துச்சு, காலனோலைடுன்னு பேரு வச்சாங்க. இன்னும் வேணும்னு அதே இடத்துக்குத் திரும்பிப் போனா மரத்த யாரோ வெட்டிட்டாங்க. பக்கத்துல இருந்த அதே சாதி மரங்கள்ல அந்தப் பொருள் கிடைக்கல. கடைசியில சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன்ல பழைய மரம் இருந்துச்சு, அதவச்சு வேலைய தொடர்ந்தாங்க. தண்ணிமலைக் கோயிலுக்குப் போறப்பல்லாம் பக்கத்துல இருக்குற பொட்டானிக் கார்டனுக்கும் ஒரு நடை போயிட்டு வருவேன். 1884-ல இருந்து யாரோ நட்டு, பேர்ப்பலகை மாட்டி, பார்த்துக்கிட்டு வந்த மரங்க. நமக்குத் தெரியாத எத்தனையோ அதுக்குள்ள நிக்குது.

இப்ப உனக்கு ரொம்பப் பிடிக்கப் போறத சொல்றேன். இலையும் ஊசியும் ஒரே குப்பிக்குள்ள இருக்குற கதை.

1920-கள்ல பாரிஸ்ல கஸ்தோன் ரமோன்னு ஒரு மிருக டாக்டர் குதிரைக்கு டிப்தீரியா ஊசி போட்டு ரத்தத்துல மருந்து எடுத்துக்கிட்டு இருந்தாரு. ஊசி குத்துன இடத்துல வீங்கிப் புண்ணாகுற குதிரைக்கு எதிர்ப்பு சக்தி அதிகமா வர்றதப் பார்த்தாரு. சரி, வேணும்னே கொஞ்சம் எரிச்சல் மூட்டுவோம்னு ஊசியில ஒண்ண கலந்தாரு. என்ன கலந்தாரு தெரியுமா? மரவள்ளி மாவு. ஜப்பான்காரன் காலத்துல நம்ம பாட்டி மூணு வருஷம் அரிசியக் கண்ணால பார்க்காம அந்த மரவள்ளிக் கிழங்கத் தின்னுதான் உயிர் பிழைச்சுது. ஒரு மாவுச்சத்து, ஒரு சர்க்கரைச் சங்கிலி. ஊசிக்குத் துணை மருந்துங்குற எண்ணமே அங்க இருந்துதான் ஆரம்பிச்சுது.

அதுக்கப்புறம் சபோனின். சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் தண்ணியில போட்டுத் தேய்ச்சா நுரை வருதே, அந்த நுரைதான் சபோனின். எண்ணெய்ப் பசை உள்ள ஒரு உடம்பு, அதுல ஒட்டிக்கிட்டு சர்க்கரைக் கொத்து. தென் அமெரிக்காவுல சிலி நாட்டுல சோப்புப்பட்டை மரம்னு ஒண்ணு இருக்கு, நம்ம சீயக்காய் மாதிரி அவங்க அந்தப் பட்டையத்தான் நுரைக்க வச்சு துணி துவைப்பாங்க. அந்தப் பட்டைச் சாற எங்கள மாதிரி ஆளுங்க ஒரு குழாய்க்குள்ள விட்டு ஒவ்வொரு சொட்டா பிரிச்சாங்க, 21-வது பங்குல வந்தது நல்லா வேலை செஞ்சுது, அதனால அதுக்குப் பேரே க்யூஎஸ்-21. இன்னைக்கு அக்கி வராம தடுக்குற ஷிங்ரிக்ஸ் ஊசியில அது 50 மைக்ரோகிராம் இருக்கு. 2021-ல உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்கக் குழந்தைங்களுக்குப் பரிந்துரை செஞ்ச மலேரியா ஊசியிலயும் அதுதான் துணை. அம்மாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இடுப்பச் சுத்தி அக்கி வந்தப்ப, காவி குழைச்சு எழுதணும்னு ஆளைத் தேடுனோமே, ஞாபகம் இருக்கா, அம்மா துணி கூட உடம்புல பட விடாம ராத்திரி பூரா உட்கார்ந்தே இருந்தாங்களே. ஒரு மரப்பட்டையில இருந்து வந்த நுரை அந்த வேதனைய வராமலே தடுக்கும். மூலிகையில ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க சித்தின்னு கேட்டியே, இதோ இருக்கு, ஊசிக்குள்ளயே இருக்கு.

அந்த மரத்த வெட்டிக்கிட்டே இருக்க முடியாதுன்னு 2024-ல ஈஸ்ட்டுக்குள்ளயே அந்தப் பொருள முழுசா செய்ய வச்சுட்டாங்க, அப்பம் புளிக்க வைக்குற அதே ஈஸ்ட்டு. பிந்தாங்கோர் மரத்துக்கு நடந்தது இந்த மரத்துக்கு நடக்காதுன்னு எனக்கு ஒரு நிம்மதி.

இவ்வளவையும் திங்கக்கிழமை ராத்திரி வாய்ஸ் மெசேஜா அவளுக்கு அனுப்புனேன், துண்டு துண்டா, பதினாலு மெசேஜ். ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பதில் வரல. காலையில முதல் ஃபெரியில ஏறிட்டேன், அக்கா வீட்டுக்குப் போனா அவ குழந்தைய குளிப்பாட்டி சட்டை மாட்டி வச்சிருக்கா. குழந்தை கையில வசம்பு வளையல் இருக்கு, உதட்டுல கருப்புக் கோடு இல்ல.

கிளினிக்ல எங்களுக்கு முன்னாடி பத்துப் பன்னெண்டு பேரு. எங்க நம்பர் வந்துச்சு. மிஸ்ஸி, அதான் நர்ஸு, மலாய்க்காரப் பொண்ணு, குழந்தையோட புக்க வாங்கி தேதி சரிபார்த்துட்டு சின்னக் குப்பிய எடுத்துக் குலுக்குனாங்க, உள்ள இருந்தது லேசா பால் கலந்த தண்ணி மாதிரி கலங்கலா இருந்துச்சு. அக்கா மக குனிஞ்சு அதையே பார்த்தா.

"இதுல எத்தனை சர்க்கரை சித்தி?"

"எத்தனை வகைக் கிருமிய தடுக்குதோ அத்தனை சர்க்கரை. பத்துக்குக் குறையாது."

ஊசி தொடையில இறங்குனதும் அவன் ஒரு நிமிஷம் வாயத் திறந்துக்கிட்டே சத்தம் வராம இருந்தான், அப்புறம் கட்டடமே அதிர்ற மாதிரி கத்துனான். அவ தோள்ல போட்டு தட்டிக்கிட்டே, மிஸ்ஸி புக்குல எழுதுறத எட்டிப் பார்த்து, "அடுத்தது ஆறாம் மாசம்தானே?"ன்னு மலாய்ல கேட்டா.